மூன்று மில்லிபார்

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலிக்குக் கிழக்கே செம்மண் காட்டிலிருந்த சிறு விமானத் தளத்தில் நான் வானிலைப் பதிவாளன். இயற்பியலில் முதுகலைப் பட்டம் உண்டு. தகுதிகாண் காலம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது. அதற்குள் எழுத்தில் ஒரு புகார் வந்தால் வேலை போய்விடும் என்பதே அப்போது எனக்கு ஐயமறத் தெரிந்த ஒரே அறிவியல்.

மே மாதப் பிற்பகல். நிழலிலேயே நாற்பது பாகை. சென்னையிலிருந்து வந்திறங்கிய விமானி நேரே என் அறைக்கு வந்தார்.

“சார், நீங்க குடுக்கிற கியூ.என்.எச். தப்பு. ஆல்டிமீட்டர் ஆயிரம் அடின்னு காட்டுது, ரன்வேயைப் பார்த்தா இன்னும் ஒரு எண்பதடி மேல இருக்கேன். மூணு நாளா இதே கதை. நாளைக்கும் இப்படின்னா ரிப்போர்ட் எழுதிடுவேன்.”

கியூ.என்.எச். என்பது நாங்கள் வானொலியில் சொல்லும் காற்றழுத்த எண். விமானி அதைத் தம் உயரமானியில் வைத்துக்கொள்வார். எண்ணில் ஒரு மில்லிபார் கூடினால், காட்டும் உயரம் இருபத்தேழு அடி கூடும்.

அவர் போனதும் காற்றழுத்தம் அளக்கும் பாரமானியை மும்முறை பார்த்தேன். மும்முறையும் அதே அளவு. எனவே, கற்றவன் செய்யத்தக்கதைச் செய்தேன்: நாளை முதல் மூன்று மில்லிபார் கூட்டிச் சொல்வதெனப் பென்சிலால் குறித்தேன்.

வானொலி மெக்கானிக் சாகுல் எட்டிப் பார்த்தார். “என்ன வே எழுதுதீரு?”

“திருத்தம்.”

“பாரமானி கெட்டுப்போச்சா?”

“இல்லை.”

“அப்பொறம் எதத் திருத்துதீரு?”

“புகாரை.”

“நல்லாருக்கு வே. பிளேன் இன்னும் அங்கனதான நிக்கி. ஏறி அந்த மீட்டரப் பாத்துட்டு வாரும்.”

போய்ப் பார்த்தேன். உயரமானி எங்கள் தளத்தின் உயரத்தை அடி பிசகாமல் காட்டிக்கொண்டிருந்தது. விமானியும் குனிந்து பார்த்தார்.

“தரைல சரியாத்தான் இருக்கு” என்றார். பிறகு மெல்ல, “வெயில் சார். நான் யோசிக்கவே இல்லை.”

நானும் யோசிக்கவில்லை. உயரமானி அழுத்தத்தை அறியும், வெப்பத்தை அறியாது. கடல்மட்டத்துக் காற்று பதினைந்து பாகையில் இருப்பதாகவே அது கணக்கிடும். வெந்த காற்று விரிந்து நிற்பதால், அது ஆயிரம் என்னும்போது விமானம் மேலும் எண்பதடி உயரத்தில் இருக்கும். கடுங்குளிரில் இதற்கு எதிர்மாறாக, காட்டுவதைவிடத் தாழ்ந்திருக்கும்.

தரையை நெருங்க நெருங்க வெப்பத்தின் பிழை தேய்ந்து மறையும். நான் கூட்டவிருந்த மூன்று மில்லிபார் தேயாது. மேகம் கவிந்த ஒரு நாளில், ஓடுதளத்தை ஒட்டிய பனங்காட்டின் மேல், என் சொல்லை நம்பி ஒரு விமானம் எண்பதடி தாழ்ந்து வந்திருக்கும்.

இப்பணிக்கு வரும் இளையோருக்கு: புகார் வந்தால் எண்ணைத் தொடாதீர்கள். அந்த எண் எந்த இடத்தில் பொய்த்தது என்று முதலில் கேளுங்கள்.

பதினெட்டாம் நாள் என் பணி உறுதியாயிற்று. ஆணையில் ‘துல்லியத்தில் சமரசம் செய்யாதவர்’ என்று எழுதியிருந்தார்கள். சாகுல் அதை இருமுறை உரக்கப் படித்தார்.