சமையல் அக்காவின் வேலைநிறுத்தம்

பெண்கள் விடுதிச் சமையலறைக் கதவில் அந்த நோட்டீஸைச் சோற்றுக்கஞ்சி தடவி ஒட்டியிருந்தார்கள். காலையில் நான் பார்த்தபோது கஞ்சி இன்னும் காயவில்லை. வருகிற திங்கட்கிழமை முதல் கல்லூரி ஊழியர்கள் அனைவரும் வேலைநிறுத்தம். விடுதிச் சமையல்காரர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்பது முதல் கோரிக்கை. கீழே சங்கச் செயலாளர் என்று கையெழுத்திட்டிருந்தவர், உள்ளே எனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

அறுபதுகளின் கடைசி அது. கோலார் தங்க வயலில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தேன். விடுதி வார்டன் பொறுப்பும் என்னுடையது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தச் செயலாளரை மாணவிகள் முதல் பிரின்சிபால் வரை எல்லோரும் சமையல் அக்கா என்றே அழைத்தோம். பதினோரு வருடங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் வீட்டில் இருந்ததில்லை என்பது அந்த நோட்டீஸைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்று மதியமே பிரின்சிபால் அழைத்தார். திங்களன்று இறுதித் தேர்வு தொடங்குகிறது, வெளியூர்ச் சமையல்காரர்களை வரவழையுங்கள் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான் சமையலறை வாசலில் தயங்கி நிற்க, அவரே கேட்டுவிட்டார்.

"இன்னா மிஸ், வெளியாள இட்டுனு வரச் சொன்னாரா?"

"ஆமாக்கா."

"வேணாம் மிஸ். கருங்காலிங்க வந்தா எங்க போராட்டம் அன்னிக்கே செத்துப்பூடும். பொண்ணுங்களும் பட்டினியா பரீட்சை எழுதக் கூடாது. அவங்க பசிக்கு அவங்களே ஆக்கிக்கினா யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. நாலு நாள் கீது. நான் கத்துக் குடுத்துட்டுப் போறேன்."

அன்று மாலை நாற்பது மாணவிகளையும் கூட்டிச் சொன்னேன். கூரை பறக்கும்படி ஒரே ஆரவாரம். பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளிகளின் பெண்கள். வேலைநிறுத்தம் அவர்களுக்குப் புதிதல்ல, அதில் தங்களுக்கும் ஒரு வேலை இருப்பதுதான் புதிது. அப்பாக்களைப் போலவே முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட் என்று பிரிந்துகொண்டார்கள். அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடிக்க இருவர் எப்படி நிற்க வேண்டும் என்று அக்கா நின்று காட்டினார். இயற்பியல் மாணவி ஒருத்தி நாற்பது பேருக்கு எவ்வளவு தண்ணீர் என்று நோட்டில் கணக்குப் போட, "அரிசிய பாத்து ஊத்துமா, நோட்ட பாக்காத" என்று சிரித்தார். சனிக்கிழமை சோறு குழைந்தது. ஞாயிற்றுக்கிழமை சாம்பார் சாம்பாராகவே இருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தாலும் எனக்குக் கால்கள் தரையில் பாவவில்லை.

திங்களன்று விடிந்ததும் பிரின்சிபாலே விடுதிக்கு வந்துவிட்டார். ஒரு கையில் சரித்திரப் புத்தகமும் மறு கையில் கரண்டியுமாக ஒருத்தி உப்புமா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"சமையல்காரர்கள் எங்கே?"

"நான் யாரையும் வரவழைக்கவில்லை, சார்."

அவர் என்னையே பார்த்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அதற்குள் யாரோ அவர் முன் ஒரு தட்டை வைத்துவிட்டார்கள். நின்றபடியே முழுவதும் சாப்பிட்டார். பிறகு, "தேர்வு மணி அடிக்க ஆள் இல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய், தானே மணி அடித்தார். முறைதெரியாத அந்தச் சத்தம் கேட்டு, வெளிவாசலில் உட்கார்ந்திருந்த ஊழியர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் நிர்வாகம் இறங்கிவந்தது. வார விடுமுறை இன்று யாருக்கும் பெரிய விஷயமில்லை. அன்று விடுதி முழுக்கத் தட்டுகளைத் தட்டிக் கொண்டாடியது.

முதல் விடுமுறைக்கு மறுநாள் அக்காவிடம், நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பேத்தமங்களா போயி ஏரிய பாத்துட்டு வந்தேன் மிஸ். பதினோரு வருசமா அங்கேர்ந்து கொழாயில வர்ற தண்ணிலதான் ஒல வெக்கிறேன், ஒரு தபாகூட பாத்ததில்ல. எம்மாம் பெருசு மிஸ்!"

எவ்வளவு பெரிது என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கரண்டியிலிருந்த குழம்பு என் புடவையில் தெறித்தது.