எழுந்திருக்காமல் ஒரு சாப்பாடு

கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே, பெருமாள்மலை முக்கில் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. அடுப்பு என் பொறுப்பு, பரிமாறுவது வீட்டுக்காரர் பொறுப்பு. கல்யாணமான புதிதில் பிரித்துக்கொண்ட வேலை, இன்றுவரை மாறவில்லை. கடைசி ஜீப் டிரைவரும் கை கழுவிப் போன பிறகு, ஆறிப்போன சோற்றில் ஆறிப்போன குழம்பை ஊற்றி, அடுப்படியில் நின்றபடியே விழுங்குவேன். இதற்காக நான் மூக்கைச் சிந்தியதில்லை. ஆனால் ஓர் ஆசை மட்டும் இருந்தது. வேறு யாரோ சமைத்ததை, இலை முன்னால் உட்கார்ந்து, சுடச்சுட, சாம்பாரில் தொடங்கி மோர் வரைக்கும் ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் சாப்பிட வேண்டும்.

போன மழையில் எங்கள் ஊருக்குக் கீழே மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. கடைக்கு ஈ, காக்கைகூட வரவில்லை. “கொடைக்கானல் போயி ஓட்டல்ல சாப்புடுவோம்” என்றேன்.

“அரிசி மூட்டை மூட்டையாக் கெடக்கு. அடுத்தவன் சோத்துக்கு எதுக்குப் போகணும்?”

“போகணும். அங்க யாரு என்ன கேட்டாலும் நீங்க எந்திரிக்கக் கூடாது. தோள்ல துண்டும் கூடாது.”

சரி என்றார். பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஓட்டலில் கால் வைக்க இடமில்லை. ஊர் பார்க்க வந்து கீழே இறங்க முடியாதவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஓட்டலில் வேலை பார்ப்பவர்களோ மேலே வர முடியாமல் கீழே மாட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே ஓர் ஆள் ஓடி ஓடிப் பரிமாறிக்கொண்டிருந்தார். எங்கள் இலைக்கு ஆவி பறக்கச் சோறு வந்தது. சாம்பாரைக் காணோம்.

“அப்பளத்த இப்பவே வச்சுட்டுப் போறாரு பாரு. நமுத்துப் போகும்ல?” என்றார் இவர்.

“உங்க சோலியப் பாருங்க.”

பின் மேசையிலிருந்து, “அண்ணே, சாம்பார்” என்று ஒரு குரல். இவர் முழங்கால் தானாக எழும்பியது. சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். அடுத்து ஓர் அம்மா, “பிள்ளைக்கு ரசம் வேணும்” என்றார். இந்தத் தடவை சட்டை என் கையிலிருந்து நழுவிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால் தோளில் துண்டு. சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருக்கிறார் மனுசன். கையில் வாளி. “சாம்பாரா, வத்தக்குழம்பா?” என்று மேசை மேசையாகப் போகிறார். கல்லாவில் இருந்தவர் இவர் யார், எவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெய்க் கிண்ணத்தையும் எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் சோறு ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து நேரே ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் எழுந்தால் என் ஆசை போச்சு. இவருக்காக அதை விடுவதா? மேசையைத் தட்டினேன்.

“ஏங்க, இந்த இலைக்குச் சாம்பார் வரல.”

“இந்தா வந்துட்டேங்க” என்று திரும்பியவர், இலைக்குப் பின்னால் நான் இருப்பதைப் பார்த்ததும் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“சோறு ஆறிப்போச்சு” என்றேன்.

உள்ளே போய்ச் சூடான சோறு கொண்டுவந்து வைத்தார். குழி பறித்துச் சாம்பார் ஊற்றினார். “போதுமாங்க?” என்று கேட்டார். எங்கள் கடையில், அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஊரில் உள்ளவர்களையெல்லாம் அவர் கேட்கிற கேள்வி. என்னை அதுவரை கேட்டதில்லை. கோபம் எங்கே போனதோ, கண் கலங்கிவிட்டது. பச்சை மிளகாய் மேல் பழியைப் போட்டேன்.

“இன்னும் ஊத்துங்க.”

ரசத்துக்கு வந்தார், பாயசத்துக்கு வந்தார், மோருக்கும் வந்தார். நான் அசையவே இல்லை.

கூட்டம் ஓய்ந்த பிறகுதான் அவர் சாப்பிட்டார், அந்த ஓட்டல் அடுப்படியில், நின்றுகொண்டே. திரும்பி வரும்போது மினி பஸ்ஸில், “சாப்பாடு எப்படிங்க?” என்று கேட்டேன்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “ஆறிப்போயில்ல கெடந்துச்சு” என்றார்.

“ஆமா. அப்படித்தாங்க இருக்கும்” என்றேன்.