ஜெகதீஸ்வரி வைத்த வெற்றுத் தோட்டா

ஜெகதீஸ்வரி கிழமை நாட்களில் லண்டன் பிளேஸ்டோவில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எசெக்ஸ் பக்கத்துத் துப்பாக்கிச் சுடுதளம் ஒன்றில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வார். இங்குள்ள எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களில் மான் வேட்டைக்குப் போவது அவரும் நானும்தான் என்று நினைக்கிறேன். துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு வந்துவிட்டு, இங்கே ஒன்றை வாங்கி வைத்திருக்கிறீர்களே என்று என் மனைவி கேட்டதுண்டு.

முழங்கால் பழுதானதால் மிக இலேசான துவக்காக வாங்கினேன். துவக்கு இலேசென்றால் தோட்டாவிலிருந்து பறக்கும் சன்னமாவது பாரமாக இருக்கட்டும் என்று நூற்றெண்பது கிரெய்ன் எடைச் சன்னமுள்ள தோட்டா போட்டேன். என் புத்தி அவ்வளவுதான். போன மாரிக் குளிரில் ஒரு பெண்மானைக் காலில் சுட்டுவிட்டேன். அதைத் தேடிப்பிடித்து வேதனையை முடித்து வைக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. அதோடு துவக்கை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்து, வேட்டையை விட்டுவிடுவதென்று தீர்மானித்தேன்.

"ஊரில சின்ன வயசில குண்டு விழேக்க கேட்ட செல்லடி, ஜெகா. வெடியெண்டா கை உதறுது. எனக்கு இது ஏலாது," என்று சுடுதளத்தில் அவரிடம் சொன்னேன்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. "போறதுக்கு முதல் அஞ்சு வெடி வையுங்கோ அண்ணை. தோட்டாவை நான் போட்டுத் தாறன்."

மூன்றாவது முறை விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை. ஆனால் குழல் கீழே குத்தியது, என் கண்களும் இறுக மூடியிருந்தன. அவர் எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைப் போட்டிருந்தார்.

"பாத்தியளே? சத்தமே வரேல்லை. துவக்கு பின்னால உதைக்கப்போகுதெண்டு தோள் முந்துது. இலேசான துவக்கு, பாரச் சன்னம், உதை முழுக்க உங்களுக்குத்தான். செல்லடியில பழியைப் போடாதேங்கோ."

எனக்குக் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. அவர் நூற்றுமுப்பது கிரெய்ன் தோட்டாப் பெட்டியை நீட்டினார்.

"சன்னம் இலேசெண்டா வேகம் கூடும், உதை குறையும். மானை உடனே விழுத்தவும், சட்டம் கேக்கிற அளவுக்கும் இந்த வலு காணும்."

புதுச் சன்னம் வேறு இடத்தில் பட்டதால், துவக்கின் மேலிருக்கும் குறிக்கண்ணாடியைத் திரும்பச் சரிசெய்ய வைத்தார். ஆறு ஞாயிறுகள் பொறுமையாகப் பக்கத்தில் நின்றார்.

இந்தக் கார்த்திகையில் ஒரு மானைச் சுட்டேன். தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது, நின்ற இடத்திலேயே விழுந்தது. அதற்கு எதுவும் தெரிந்திராது. வயலில் நின்றபடியே ஜெகதீஸ்வரிக்குப் போன் எடுத்தேன். நன்றி சொல்ல எடுத்தவன் அழுதுவிட்டேன்.