மனசம்மதம்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் மாதா கோயிலில் மனசம்மதம் நடத்துவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பாதிரியார் முன் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் என் அக்காவும் சொன்னாள்.

மாப்பிள்ளை கல்ஃபிலிருந்து கேமராவோடு வந்தவன். ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது, குளித்துவிட்டுப் பாவாடையை மார்பில் முடிந்துகொண்டு வந்த அக்காவைப் படம் எடுத்தான். வேண்டாம் என்று அவள் கை நீட்டித் தடுப்பது படத்திலேயே தெரியும். சம்பந்தம் முறிந்ததும் அந்தப் படம் கேரள எல்லையிலிருக்கும் பாறசாலைச் சந்தையில் கைமாறியது.

அப்பா ஒரு பிரதியைப் பிடுங்கி, எங்களையும் கூட்டிக்கொண்டு அங்கிருந்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். எஸ்.ஐ. படத்தைப் பார்த்தார். ஏட்டு பார்த்தார். ரைட்டரும் எழுந்து வந்து பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்து நின்றாள்.

"மனசம்மதம் கழிஞ்ஞதல்லே? பின்னெ எந்து கேஸ்?" என்றார் எஸ்.ஐ. மலையாளத்தில். மனசம்மதம் முடிந்த பிறகு என்ன கேஸ் என்று கேட்கிறார்.

"அது கெட்டுகதுக்குச் சொன்ன சம்மதமாக்கும் சார். ஊருக்குப் படம் காட்டுகதுக்கு இல்ல," என்றார் அப்பா.

அதற்கெல்லாம் சட்டம் கிடையாது என்று எஸ்.ஐ. சிரித்தார். இப்போது சட்டம் வந்துவிட்டதாம். வரட்டும், யாருக்கு என்ன!

வீட்டுக்குத் திரும்பும் பாதி வழியில் அக்கா நின்றாள். "அப்பா, படம் எங்க?"

அப்பாவின் கை வெறுமையாக இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டோம்.

"அது இவிடெ இரிக்கட்டே. தெளிவல்லே?" என்றார் ஏட்டு.

தெளிவு என்றால் மலையாளத்தில் ஆதாரம். இல்லாத வழக்குக்கு ஆதாரமாக என் அக்கா அங்கேயே இருந்தாள், கையை நீட்டியபடி.