கையெழுத்து கேட்ட பந்தி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் முட்டாள். தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எழுத்துபூர்வமான ஆதாரம் இருக்கிறது. ஒற்றைப் பக்கம். மேலே வலது மூலையில் படிவ எண், அதன் கீழே 'ரெவிஷன் 00', நடுவில் தடித்த எழுத்தில் 'புதிய உடன்படிக்கை: உறுப்பினர் ஒப்புதல் படிவம்'. ஒரகடத்தில் கார் உதிரிப்பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் காகிதங்களுக்கு எண் போடுவது என் வேலை. கழிவறைச் சுவரில் 'தண்ணீர் ஊற்றவும்' என்று ஒட்டியிருக்கும் தாளுக்குக்கூட எண் கொடுத்தவன் நான். இப்படிப்பட்ட ஒருவனை, சேரப்பணஞ்சேரிப் பக்கம் தகரக் கூரை போட்ட எங்கள் கிறிஸ்தவ சபைக்குச் செயலாளர் ஆக்கினால் என்ன ஆகும்? கடவுளுக்கும் எண் போட்டுவிட்டேன்.

யோசனை என்னவோ சபையை நிர்வகிக்கும் பெரியவர், மூப்பருடையது. சபை நிற்கும் மனை அவருடையது. கம்பெனிகளுக்குக் காண்ட்ராக்டில் ஆள் அனுப்புவது அவர் தொழில். "ஜனம் வருது, போவுது, ஒரு கட்டுப்பாடு இல்ல. அக்ரிமென்ட் மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடு தம்பி" என்றார். என்னையும் ஒருவர் நம்பிக் கேட்கிறாரே என்று உச்சி குளிர்ந்துபோய், கம்பெனியின் காண்ட்ராக்ட் தொழிலாளர் ஒப்பந்தத்தைத் திறந்து, 'நிறுவனம்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'சபை' என்று மாற்றினேன். ஓரிடத்தை விட்டுவிட்டதால் முதல் நகலில் 'முன்னறிவிப்பின்றி விடுவிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு' என்று இருந்தது. சிரித்துக்கொண்டே திருத்தினேன். சிரிப்பு அங்கேயே நின்றிருக்க வேண்டும். நான்காவது விதியையும் நான்தான் எழுதினேன்: தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆராதனைக்கு வராதவர்கள், இந்தப் படிவத்தில் கையெழுத்திடும்வரை திருவிருந்தில் கை நீட்டக் கூடாது. அப்பமும் திராட்சரசமும் பரிமாறும் அந்தப் பந்தி எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான். யார் வந்தார், யார் வரவில்லை என்று ரிஜிஸ்டர் போட்டவனும் நானே.

இனி, நான் அக்கா என்று கூப்பிடுகிற ஒருவரைப் பற்றி. பிள்ளைப்பாக்கத்துக்காரர், எங்கள் கம்பெனியில் தரை கழுவுகிறவர், மூப்பரின் காண்ட்ராக்டில் வந்தவர். உற்பத்தி லைன் ஓடுகிற நாட்களில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வழியில்லை. லைன் நிற்பது ஞாயிற்றுக்கிழமை. ஆகவே ஊரெல்லாம் ஓய்வெடுக்கும் நாளில் அக்காவுக்கு இடுப்பு ஒடிகிற வேலை. முதல் ஞாயிறு மட்டும் உடன் வேலை செய்யும் ஒருத்தியிடம் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, அதற்குப் பதிலாக அவளுடைய இரண்டு ஷிஃப்ட்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, பந்திக்கு வந்துவிடுவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கையை முகர்ந்து பார்த்து, "பினாயில் வாசன போவ மாட்டேங்குது. இயேசப்பா கண்டுக்க மாட்டாரு" என்பார். என் நான்காவது விதி இந்த ஒரு மனுஷிக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அளவெடுத்த தையற்காரனுக்குத்தான் அது தெரியவில்லை.

விதிகள் அமலுக்கு வந்த முதல் ஞாயிறு போதகர் புதிய உடன்படிக்கையைப் பற்றித்தான் பேசினார். அதுவும் நன்றாகவே பேசினார். பழைய உடன்படிக்கையில் ஜனங்கள் 'எல்லாம் செய்வோம்' என்று வாக்குக் கொடுத்தார்கள், கட்டளை பெற்ற மலையடிவாரத்தை விட்டுக் கிளம்பும் முன்பே மீறினார்கள். புதியதில் கடவுள் தானே பொறுப்பை ஏற்கிறார். கல்லில் அல்ல, இருதயத்தில் எழுதுகிறார். உங்கள் பாவங்களை இனி நினைப்பதில்லை என்கிறார். இந்தக் கிண்ணத்தில் இருக்கும் இயேசுவின் இரத்தம்தான் அதன் கையெழுத்து. "நம்ம பக்கத்துல கையெழுத்துப் போடுற எடமே கெடையாது" என்றார் போதகர். நான் எல்லோருக்கும் கேட்கும்படி ஆமென் சொன்னேன். அப்போது என் மடியில் முப்பது நகல், ஒவ்வொன்றிலும் கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு.

மூப்பர் தட்டை ஏந்தி வந்தார். அக்கா கை நீட்டினார். மூப்பர் என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். தட்டு அக்காவைத் தாண்டிப் போயிற்று. நீட்டிய கை சற்று நேரம் அந்தரத்திலேயே இருந்தது. போதகர் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

செருப்பு விடுகிற இடத்தில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா தம்பி, கைய நீட்டிக்கினே கீறேன், தட்டு பாட்டுக்குத் தாண்டிப் போவுது?"

"நாலாவது ரூல்க்கா. இந்த ஃபாரத்துல ஒரே ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா அடுத்த மாசம்..."

"ஞாயித்துக்கெழம நான் எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியாது? திங்கக்கெழம வழுக்காம நடந்து போறியே, அந்தத் தரையிலதான் முட்டி போட்டுக்கினு இருந்தேன்."

மூப்பர் குறுக்கே வந்தார். "எம்மா, சபைன்னா ஒரு ஒழுங்கு வேணாமா?"

"ஞாயித்துக்கெழம வேலைக்கு வேன் அனுப்பறதும் நீங்க, வரலன்னு தட்ட நவுத்தறதும் நீங்க. இன்னா நாயம் மூப்பரே இது? கம்பெனில பதினோரு மாசத்துக்கு ஒருதபா கையெழுத்து வாங்கிக்கினு புதுசுன்றீங்க. இன்னா புதுசு? அதே மாப்பு, அதே பக்கெட்டு. இங்கயாவது எனுக்காவ ஒருத்தரு கையெழுத்துப் போட்டுட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

போய்விட்டார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை.

இன்றைக்கும் அக்கா காண்ட்ராக்ட்தான், இன்றைக்கும் ஞாயிறு வேன் வருகிறது, எனக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு மனுஷியை ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று பந்தியில் கையைத் தட்டிவிட எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! மூப்பரையாவது விடுங்கள். திருத்திய புது ரெவிஷன் வந்தால் பழைய தாள்களை ஒன்றுவிடாமல் திரும்ப வாங்கி, சிவப்பு மையில் 'காலாவதி' என்று முத்திரை குத்துவதற்கே சம்பளம் வாங்குகிறவன் நான். 'செய்தால் தருவேன்' என்ற பழைய உடன்படிக்கை காலாவதியாகி இரண்டாயிரம் ஆண்டாகிறது. அதைத் தூசி தட்டி எடுத்து, புது எண் போட்டு விநியோகம் செய்திருக்கிறேன். கடவுள் நினைக்க மாட்டேன் என்று சொன்னதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள அட்டை போட்ட ரிஜிஸ்டர் வேறு! ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு தவறினால் மறுதரப்பு கழன்றுகொள்ளலாம். உடன்படிக்கையில் இயேசு கழன்றுகொள்ளவில்லை, செத்தே போனார். இந்த வித்தியாசம் தினமும் காண்ட்ராக்டில் கிடந்து உழல்கிறவருக்குத் தெரிந்திருந்தது. நிரந்தர ஊழியனான எனக்குத் தெரியவில்லை.

சபைக் கமிட்டி கூடியபோது முப்பது நகலிலும் 'காலாவதி' குத்தி மூப்பர் முன்னால் வைத்தேன். "இவன இனிமே செயலாளர்னு கூப்புடாதீங்க" என்றார். முன்னறிவிப்பின்றி விடுவிக்கப்பட்டேன். ஆனால் போதகருக்கு எங்கிருந்தோ குரல் வந்தது: "இனிமே தட்ட நானே எடுத்துட்டுப் போறேன். யாரையும் தாண்ட மாட்டேன்." அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று அவரிடமும் கத்தினேன்.

அடுத்த பந்திக்கு முந்தைய நாள் பிள்ளைப்பாக்கம் போனேன். வழியெல்லாம் பைக்கில் ஒத்திகை பார்த்த மன்னிப்பு, மூன்று பக்கத்துக்கு வரும். அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் ஒரு மூச்சில் ஒப்பித்துவிட்டு, "நாளைக்குக் கண்டிப்பா வரணும்க்கா. அந்த ஃபாரத்த மட்டும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

அக்கா புடவையை ஒருமுறை உதறிக் கொடியில் போட்டார்.

"எந்த ஃபாரம்?"