ஏகாம்பரம் என்று எழுதியிருந்த கை

அதைத்தான் சொல்ல வந்தேன் கஸ்தூரி அக்கா, நீ போனில் பேபியம்மாவைப் பற்றிச் சொல்லிச் சிரித்தபோது நான் சிரிக்கவில்லையே, லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தாயே. லைன் நன்றாகத்தான் இருந்தது. நாற்பது வருஷமாகப் புருஷன் பெயரை வாயால் சொல்லாத பொம்பளை, இப்போது தினமும் காலையில் அவரை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, "யோவ், நீ ஏகாம்பரம்யா. சொல்லு, ஏகாம்பரம்" என்று பாடம் நடத்துகிறாள், தெருவே வேடிக்கை பார்க்கிறது என்றாய். அவளும் சேர்ந்துதான் சிரிக்கிறாளாம். "இன்னா பண்றது, ஃபேன் காத்துக்கு ஆசைப்பட்டு நானே பண்ண வெனை" என்றாளாம். நான் சிரிக்காததற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

இங்கே அயர்லாந்தில் என் வேலையே பெயர் கேட்பதுதான். பேட்ரிக் என்று ஒரு கிழவர், மூன்று வாரமாக எங்கள் வார்டில் இருக்கிறார். அவருடைய நாய்க்கு என்ன பிடிக்கும் என்பது வரை எனக்குத் தெரியும். இருந்தாலும் மாத்திரையோடு போகும்போதெல்லாம், உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன என்று கேட்டு, மணிக்கட்டில் கட்டிய பட்டையைப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். "நேற்று இருந்த அதே ஆள்தான், இன்னும் சாகவில்லை" என்பார். வந்த புதிதில் நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அது இந்த ஊர் நகைச்சுவை என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று. என் சட்டையில் குத்திய அட்டையில் அப்பா பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. இங்கே எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி உனக்குத் தெரியும். மீன்கூடையோடு வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிடுவாயே, அதுதான். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். "நாலுக்கு டிரிப் முடிஞ்சிடுச்சு, ஏழு டிஸ்சார்ஜ்." ஆண்கள் வார்டில் இருந்த மூன்று ஃபேனில் ஒழுங்காகச் சுற்றியது ஆறாம் நம்பர் கட்டிலுக்கு மேலே இருந்தது மட்டும்தான். எண்ணூர்ப் பக்கமிருந்து புகைக்காற்று வந்தால் ஜன்னலையும் சாத்திவிடுவோம். அந்தப் புழுக்கத்தில் நோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு கட்டில் மாறிக்கொள்வார்கள். காற்று வாங்கியவர் சாயங்காலம் பழைய கட்டிலுக்குப் போய்விடுவார். அது எங்களுக்கும் தெரியும். யாரும் தடுத்ததில்லை.

அன்றைக்கு மதியம் ஆறாம் நம்பரில் வேலாயுதம் என்ற சர்க்கரை நோயாளிக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். ஊசியோடு போனேன். கட்டிலில் ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பக்கத்தில் பேபியம்மா உட்கார்ந்திருந்தாள், அப்போது எனக்கு அவள் யாரென்று தெரியாது.

"ஆறுக்குச் சாப்பாடு வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துகீது சிஸ்டர். ஜொரத்துல வாய் கசக்குதாம், அப்பால துன்றேன்றாரு."

ஜுரம் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவளே அவர் சட்டைக் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். போட்டேன். வேலாயுதம் ஏகாம்பரத்தின் ஒன்பதாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தார். அவரோடு பேசிச் சாயங்காலம் வரைக்கும் கட்டில் மாற்றி வாங்கியிருந்தாள் பேபியம்மா.

ஏகாம்பரம் சாப்பிடாமலே தூங்கினார். நாலு மணிக்கு அவள் ஓடி வந்தாள். "சிஸ்டர், ஆளு எந்திரிக்க மாட்றாரு. ஒடம்பெல்லாம் வேர்த்து ஜில்லுனு கீது." குளுக்கோஸ் ஏற்றினோம். உயிர் வந்தது. எல்லாம் வரவில்லை.

குடும்பத்தாரிடம் ஆஸ்பத்திரியில் சொன்னது ஒரே வரி: "நீங்க கட்டில மாத்தினதாலதான் இப்படி ஆச்சு." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மறுநாள் ஊசி போடும் முன் முதல்முறையாக அவளிடம், "இவர் பேர் என்ன?" என்று கேட்டேன். அவளுக்கு அந்த நிலைமையிலும் வெட்கம் வந்தது. "அத்த என் வாயால சொல்லமாட்டேன் சிஸ்டர். இந்தா, எனக்குத்தான் படிக்கத் தெரியாது, நீ படிச்சிக்கோ" என்று முன்கையை நீட்டினாள். ஏகாம்பரம் என்று பச்சை குத்தியிருந்தது. முந்தின நாள் சட்டையைத் தூக்கிப் பிடித்த அதே கை. என் ஊசிக்கும் அந்த எழுத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்குமா?

அன்று மாலையே ஒரு தாளில் எழுதி மேட்ரனிடம் கொண்டுபோனேன். கட்டில் நம்பரைப் பார்த்து இனி எதுவும் போடக் கூடாது, பெயரைக் கேட்க வேண்டும் என்று.

"நம்ம ஏரியா பொம்பளைங்க புருஷன் பேரச் சொல்லுவாங்களாம்மா? மயக்கத்துல கீறவன் பேர யாரு சொல்றது?" என்றார்.

"சேரும்போதே பேரை எழுதி மணிக்கட்டுல பிளாஸ்டர் ஒட்டிடலாம் மேடம். அவங்க வாய் தொறக்கவே வேணாம்."

மேட்ரன் தாளை மறுபடி கையில் எடுத்தார். யோசனை பிடித்துப்போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் தாளின் முதல் வரிக்குத் திரும்பிப் போயிருந்தார். 'நேற்று நான் ஆள் மாற்றி இன்சுலின் போட்டுவிட்டதால்' என்று அதில் எழுதியிருந்தேன்.

"இந்தத் தாள் உள்ள போச்சுனா, நீ வெளிநாடு போறதுக்குக் கேட்டியே எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட், அது வெளிய வராது. எது வேணும், நீயே சொல்லு."

தாளை வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். அக்கா, நீ தெரு முழுக்க சாக்லேட் கொடுத்து என்னை வழியனுப்பினாயே, அந்தப் பயணம் இப்படிக் கிடைத்ததுதான்.

போன வாரம் இங்கே என் மேலதிகாரி ஃபியோனா, வார்டில் ஏதாவது மாற்றம் வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள் என்று ஆளுக்கொரு படிவம் கொடுத்தாள். நினைவு தப்பிய கிழவர்கள் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் ஆமாம் என்கிறார்கள், கையில் பட்டையும் கழன்றுபோனால் கூட வந்த உறவினரைக் கேட்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்றேன். எங்கள் ஊரில் இப்படி ஒருவர் மருந்து மாறி நினைவிழந்தார் என்று சொன்னதும், அவள் என் தோளைத் தொட்டு, "அங்கே நீ எவ்வளவு பார்க்க நேர்ந்திருக்கிறது, பாவம்" என்றாள். பார்த்தவள் என்று நினைத்துவிட்டாள். போட்டவள் என்று நான் திருத்தவில்லை.

படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. இன்று காலை அதில் அந்தப் பழைய முதல் வரியை எழுதினேன். நாளை கொடுத்துவிடுவேன். இங்கே வேலை என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் அந்த வரி போய்ச் சேர வேண்டியவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் நீ ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை அவள் மீன் விற்றுவிட்டு வந்ததும் உன் போனை அவள் காதில் வை. ஃபேன் காற்று ஒன்றும் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் எவ்வளவு திட்டினாலும் நடுவில் போனைப் பிடுங்காதே.

மழை இறங்குகிறது. கொடியில் யூனிபார்ம் கிடக்கிறது. அங்கே கரித்தூள் படிவதற்குள் துணி எடுக்க ஓடுவோமே, இங்கே மழைக்கு ஓட வேண்டும். இன்னமும் எடுத்ததும் உதறித்தான் மடிக்கிறேன், இல்லாத கரிக்காக. இரு அக்கா, எடுத்துப் போட்டுவிட்டு வருகிறேன்.