நூற்றிருபத்தெட்டாவது நாள்

என் வீட்டுப் படலையிலிருந்து தங்கையின் வீட்டுப் படலைக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும். முழங்கால் வலிக்கிற நாட்களில் நானூற்று முப்பதைத் தாண்டும். எண்ணாமல் நடக்க எனக்குத் தெரியாது. நீர்ப்பாசனக் காரியாலயத்தில் முப்பத்து மூன்று வருடம் லிகிதராக இருந்து, குளத்து நீர்மட்டத்தைக் காலையும் மாலையும் பதிவேட்டில் எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எழுதுவதற்கு நீர்மட்டம் இல்லை. எண்ணுவது மட்டும் நிற்கவில்லை.

அறபு ஓதுவதற்காகக் கற்றது. ஆங்கிலம் பரீட்சைக்கு. சிங்களம் பதவி உயர்வுக்கு. எவரும் கேட்காமல் நானாகக் கற்ற மொழி ஸ்பானிஷ் ஒன்றுதான். கல்முனைச் சந்தையில் பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய பேப்பர்களுக்குள் அந்தப் பாடப் புத்தகம் கிடந்தது. முதல் பதினாறு பக்கத்தையும் கடைக்காரர் ஏற்கெனவே கிழித்து மிளகாய்த்தூள் மடித்துக் கொடுத்துவிட்டார். பதினேழாம் பக்கத்தில் ஒருவன் ரயில் நிலையத்தில் தன் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. அவனுக்குப் பெட்டி கிடைத்ததா என்று அறியத்தான் முதலில் படித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. முப்பத்தாறு வருடத்தில் இருபத்து மூன்று கொப்பிகளை எழுதி நிரப்பினேன்.

"இதப் படிச்சி யாரோட கதைக்கப் போறீங்க?" என்று மனைவி கேட்பாள். அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகக் கிடந்தது. ஒலுவில் துறைமுகத்துக்கு வெள்ளைக்காரர் இருவர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, மூன்று வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு ஒருமுறை பஸ் ஏறிப் போனேன். அவர்கள் ஒல்லாந்துக்காரர். ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். இப்போது கைபேசியில் ஸ்பானிஷ்காரர் எத்தனையோ பேர் பேசுகிறார்கள். நான் சொல்வதை அவர்கள் கேட்பதில்லை. மௌத்தாவதற்கு முன் ஒரே ஒரு முறை, எதிரில் இருக்கிற ஓர் ஆளோடு அந்த மொழியில் கதைத்துவிட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

தங்கையின் கணவர் மௌத்தானார். அவள் இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பது எங்கள் மார்க்கக் கடமை. அந்நிய ஆண்கள் அவளைப் பார்க்கக் கூடாது. கூடப் பிறந்தவன் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். நான் கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போனேன். தங்கை எங்கள் உம்மாவின் வீட்டிலேயே இருந்தாள். ஆகவே ஒவ்வொரு நாளும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு நான் பிறந்த வீட்டுக்கே போய், அவள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என்ன கதைப்பதென்று தெரியவில்லை. ஆறாம் நாள் கொப்பியைக் கொண்டு போனேன்.

"வாய்க்குள்ள என்னத்தக் காக்கா முணுமுணுக்குறீங்க? ஓதுறீங்களா?" என்று கேட்டாள். மூத்த சகோதரனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்.

"இல்ல புள்ள. ஸ்பானிஷ்."

"எனக்கும் செல்லித் தாங்களன். நாலு செவத்தயும் பாத்துப் பாத்து அலுத்துப் பெய்த்து."

குர்ஆனை அவள் ஒன்பது வயதில் ஓதி முடித்தாள். நான் பதினொன்றில். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு நான் போனேன். ஐந்தாம் வகுப்போடு அவளை மறித்துவிட்டார்கள். இந்தக் கணக்கை நான் எந்தக் கொப்பியிலும் எழுதியதில்லை. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்று தொடங்கினேன். ஒரு கிழமைக்குள் "பதினஞ்சாக் கூட்டுங்க" என்றாள். நான் ஒரு வருடம் திணறிய இடத்தை அவள் இருபது நாளில் கடந்தாள். எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டேன்.

"பத்துக்குப் பத்து ஒரு நாளும் தர மாட்டீங்களோ? காரியாலயத்திலயும் இப்பிடித்தானா? சனம் பாவம்," என்றாள்.

கணவர் போன பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

எண்பதாம் நாளளவில் முடிவு செய்தேன். இத்தா முடிகிற அன்று, கொப்பி இல்லாமல், தமிழ் ஒரு சொல்லும் கலக்காமல், நாங்கள் இருவரும் கதைப்பது. இருபது கேள்விகளைத் தாளில் எழுதினேன். அவளும் ஓம் என்று சம்மதித்தாள். மாதத்துக்கு முப்பதாக நான்கு மாதம் நூற்றிருபது, பத்து நாளோடு நூற்று முப்பது. நாட்காட்டியில் நூற்று முப்பதாவது நாளைச் சிவப்பு மையால் வளைத்துக்கொண்டேன்.

நூற்றிருபத்தெட்டாவது நாள். மின்விசிறி கடகடத்தது, அதன் திருகாணியை இறுக்கும்படி எத்தனை தடவை சொல்லியும் அந்த வீட்டில் எவரும் கேட்பதில்லை. நான் வினைச்சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"மன்யானா மே வோய்."

நாளைக்கு நான் போகிறேன் என்று அர்த்தம். நான் கற்றுக்கொடுத்த சொற்கள்தான். ஆனால் எந்தப் பாடத்திலும் இல்லாத வாக்கியம். சொந்தமாகக் கட்டியிருக்கிறாளே என்று மெச்சி, கொப்பியில் எழுதி, பக்கத்தில் சரி அடையாளம் போட்டு, பத்துக்கு ஒன்பது என்றேன். அடுத்த வினைச்சொல்லைக் கேட்டேன். அதற்கு அவள் சரியாகப் பதில் சொன்னாள்.

மறுநாள் அசருக்குப் பின் போனேன். அறை கூட்டித் துப்புரவாக இருந்தது. என் நாற்காலி சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவளுடைய மூத்த மகள் தேத்தண்ணி கொண்டு வந்தாள்.

"உம்மா விடியச் சுபஹ் தொழுதிட்டே அக்கரைப்பற்றுக்குப் போயிட்டா மாமா. என்ட தங்கச்சிக்குப் புள்ள கிடைச்சிருக்கில்லையா, நாப்பது நாள் முடியும் வரைக்கும் அங்கதான். உங்களுக்குத் தெரியுமெண்டாவே?"

"இத்தா முடிய இன்னும் ஒரு நாள் இருக்கே."

"நேத்துப் பொழுதுபட, மஹ்ரிபோட முடிஞ்சிட்டு, மாமா. பிறைக் கணக்கில ரெண்டு மாசம் இருபத்தொம்பது நாள்தானே."

அறுபது வருடமாகப் பிறை பார்த்து நோன்பு பிடிக்கிறவன் நான். சவளக்கடை வயலுக்கு எந்த நாளில் எத்தனை அங்குலத் தண்ணீர் போனதென்று இப்போதும் சொல்வேன். பிறை மாதம் எல்லாம் முப்பதில் முடியாது என்பது மட்டும் எனக்கு உதிக்கவில்லை. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். திரும்புகிற வழியில் எட்டுகளை எண்ணியதாக ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து கொப்பியைப் பிரித்தேன். சரி அடையாளமும் ஒன்பதும் இருந்தன. முப்பத்தாறு வருடம் நான் காத்திருந்தது அந்த வரிக்காகத்தான். எதிரில் இருந்த ஓர் ஆள், தன் வாழ்க்கையில் நடக்கப் போவதை, என்னிடம், அந்த மொழியில் சொல்லியிருக்கிறாள். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. மார்க் போட்டேன்.

தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். குழந்தை அழுகிற சத்தத்துக்கு நடுவே "என்ன காக்கா?" என்றாள்.

"என்ன புள்ள, செல்லாமப் போயிட்டாய்?"

"செல்லித்தானே போனன். நீங்க எங்க காது குடுத்தீங்க?"

முந்தைய நாள் அந்த நாற்காலியில் இருந்து கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன்.

"அதோந்தே வாஸ்?" எங்கே போகிறாய்?

அவள் சிரிக்கவில்லை.

"வந்துட்டனே காக்கா," என்று தமிழில் சொன்னாள். "புள்ள அழுகுது. வைக்கன்."